ரவுட்டரின் ரீசெட் ஓட்டையில் ஊசியை வைக்கும் முன்

நெட் வரவில்லை என்றதும் பலர் ஒரு குண்டூசியைத் தேடி எடுத்து ரவுட்டரின் பின்னால் இருக்கும் குட்டி ஓட்டையில் குத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. சுவிட்சை அணைத்துப் போட்டால் செட்டிங் எல்லாம் அப்படியே இருக்கும், ரீசெட் செய்தால் ஒன்றுவிடாமல் அழிந்துவிடும். நானும் ஒருமுறை அப்படிப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தேன். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் போனால்கூடப் பரவாயில்லை, லைன் கொடுத்தவர்கள் வந்து போட்டுவிட்டுப் போன, நெட்டுக்குள் நுழையத் தேவையான பிபிபிஓஇ யூசர்நேமும் பாஸ்வேர்டும் சேர்ந்தே போய்விட்டன, அவற்றை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை, போன் செய்தால் எடுக்க ஆளில்லை, மறுநாள் மதியம் வரை வீட்டில் நெட் இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, பழுது வெளியே லைனில். ரவுட்டர் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் லைன், அதை வாங்கும் பெட்டிகள், பெட்டியிலிருந்து போனுக்கும் லேப்டாப்புக்கும் போகும் வைஃபை, இந்த மூன்றில் எங்கே அறுந்திருக்கிறது? அது தெரியாமல் எதையும் தொடுவதில்லை.

சரி, புதிதாகப் பொருத்துகிறவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் இணைப்பு என்றால் ஃபைபரில் வரும் ஒளியை வாங்கி ரவுட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் ஓஎன்டி அல்லது ஓஎன்யு என்று ஒரு பெட்டி இருக்கும், சில வீடுகளில் அதுவே ரவுட்டரும்கூட. இரண்டும் தனித்தனி என்றால் ஓஎன்டியின் லேன் போர்ட்டிலிருந்து (வீட்டுப் பக்கம் போகும் துளை) ஒரு கேபிள் ரவுட்டரின் வேன் போர்ட்டுக்கு (வெளி லைன் வரும் துளை) வர வேண்டும். வேன் போர்ட் பெரும்பாலும் வேறு நிறத்தில், மற்றவற்றிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும். தவறி லேன் போர்ட்டில் செருகிவிட்டு, வைஃபை வருகிறது ஆனால் நெட் வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். ஃபைபர் வயரை இறுக்கமாக மடக்கிக் கட்டாதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கழற்ற நேர்ந்தால் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

ரவுட்டரை வீட்டின் நடுவில், இடுப்புக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். பீரோவுக்குப் பின்னால், டிவிக்குப் பின்னால், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். இரும்பும் தண்ணீரும் சிக்னலை நன்றாகவே தடுக்கும்.

அடுத்தது செட்டிங். போனையோ லேப்டாப்பையோ ரவுட்டரோடு இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள், எது என்று ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போனதும் முதல் வேலை அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, ரவுட்டரையே திறக்கும் சாவி, பழையதையே விட்டுவைத்தால் உங்கள் வைஃபைக்குள் வரும் எவரும் எதையும் மாற்றலாம். பிறகு வேன் பக்கம். உங்கள் இணைப்பு தானாகவே ஐபி முகவரி வாங்கும் டிஎச்சிபி வகையா, யூசர்நேம் கேட்கும் பிபிபிஓஇ வகையா என்று லைன் கொடுத்தவர்களிடம் கேளுங்கள், கூடவே விலான் எண் (ஒரே லைனில் போகும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்) ஏதும் போட வேண்டுமா என்றும் கேளுங்கள், ஏனென்றால் அந்த ஒரு எண் விட்டுப்போனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் நெட் வராது. எல்லாம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அதைத் தனியாக ஒரு தாளில் எழுதுங்கள்.

பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறீர்கள், செட்டிங் அச்சு அசலாக அதேதான், ஆனாலும் நெட் வரவில்லையா? சில நிறுவனங்கள் பழைய ரவுட்டரின் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, பிடித்து வைத்திருக்கும். அவர்களிடம் சொல்லி விடுவிக்கச் சொல்லலாம், அல்லது ரவுட்டரிலேயே மேக் குளோன் என்ற இடத்தில் பழைய முகவரியைப் போட்டுவிடலாம்.

வைஃபையின் பாதுகாப்பு வகையாக டபிள்யூபிஏ3 இருந்தால் அது, பழைய கருவிகள் சேர மறுத்தால் டபிள்யூபிஏ2. டபிள்யூஇபி என்று ஒன்று பட்டியலில் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடலாம். பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ ஒரு பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள்.

இனி பழுது. முதலில் லைட்டைப் பாருங்கள், வேறெதுவும் செய்வதற்கு முன்னால். ஓஎன்டியில் எல்ஓஎஸ் என்ற லைட் சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை. ஃபைபர் நுனி சரியாகச் செருகியிருக்கிறதா, எங்காவது மடங்கிக் கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது சரியாக இருந்தால் நீங்கள் வீட்டுக்குள் செய்ய ஒன்றுமே இல்லை, புகார்தான். பான் லைட் விடாமல் எரிந்தால் லைன் நன்றாக இருக்கிறது, மினுக்கிக்கொண்டே இருந்தால் இன்னும் பதிவாக முயல்கிறது.

லைட் எல்லாம் சரி என்றால் ரீஸ்டார்ட். அதற்கும் வரிசை உண்டு. இரண்டு பெட்டிகளையும் அணைத்து அரை நிமிடம் விடுங்கள், முதலில் ஓஎன்டியைப் போடுங்கள், பான் லைட் நிலைக்கும் வரை காத்திருங்கள், பிறகுதான் ரவுட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பெயர் உடனே தெரியவில்லையே என்று பதற வேண்டாம். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார்களும் இயங்குவதால், ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒலிபரப்பத் தொடங்கும்.

இன்னும் வரவில்லையா? லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக ரவுட்டரோடு இணையுங்கள். கேபிளில் நெட் வந்து வைஃபையில் வராவிட்டால் பழுது வைஃபையில், இரண்டிலும் வராவிட்டால் ரவுட்டரிலோ அதற்கு வெளியே லைனிலோ. இப்போது லேப்டாப்பில் கமாண்ட் பெட்டியைத் திறந்து, மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை மூன்று முறை கொடுங்கள். முதலில் ரவுட்டரின் முகவரிக்கு. பதில் இல்லை என்றால் உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவில்தான் சிக்கல். அந்த நேரத்தில் உங்கள் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, லேப்டாப் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அடுத்து 8.8.8.8, இது வெளியே இருக்கும் கூகுளின் முகவரி. இதற்குப் பதில் இல்லாவிட்டால் பெரும்பாலும் ரவுட்டரிலிருந்து வெளியே போகும் வழி அடைத்திருக்கிறது, வேன் பக்கம் போய்ப் பாருங்கள். மூன்றாவதாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு, ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1, 8.8.8.8 என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நெட் வருகிறது ஆனால் மெதுவாக என்பது வேறு கதை. உங்கள் திட்டம் 200 எம்பிபிஎஸ் என்றால் டவுன்லோடில் 25 மெகாபைட்தான் காட்டும், 8 பிட் சேர்ந்தது ஒரு பைட், அது பழுதல்ல. ஆனால் ஸ்பீடு டெஸ்ட் எத்தனை முறை வைத்தாலும் 94-ஐத் தாண்டவில்லையா? கேபிளைப் பாருங்கள். என் வீட்டில் இதே 94 பல வாரம் ஓடியது. லைன்காரர்கள் இரண்டு முறை வந்து போனார்கள், கடைசியில் கதவின் கீல் பக்கம் கேபிள் நசுங்கி, மேல் உறை கிழிந்து, பழுப்பு நிறக் கம்பி ஒன்று வெளியே தெரிந்தது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், ஆயிரம் எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டும் வேண்டும், நூறுக்கு நான்கே போதும். நூறுக்குத் தேவைப்படாத மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் இரு முனைகளும் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும், அதில் உங்கள் கைக்கு வருவது ஏறக்குறைய 94. கேட்5ஈ என்று அச்சிட்ட புதுக் கேபிளை மாற்றிய அந்த நிமிடமே சரியானது.

வைஃபையில் மட்டும் மெதுவென்றால், 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும் ஆனால் நெரிசல் அதிகம், மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. அதில் 1, 6, 11 ஆகிய சேனல்கள் மட்டுமே ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை, அக்கம்பக்கத்தில் குறைவாக இருப்பதை எடுங்கள், அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். அருகில் இருக்கும் கருவிகளை 5-க்கு மாற்றுங்கள்.

பழைய ரவுட்டரை உள்ளறைக்கு இரண்டாவதாக வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. இரண்டும் 192.168.1.1 என்று இருந்தால் மோதும். பழையதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதன் டிஎச்சிபியை அணைத்து, முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள், வேனில் அல்ல.

அடிக்கடி தானாக அணைந்து எழும் ரவுட்டருக்கு முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் அளவும் துருவமும்கூட ஒத்துப்போக வேண்டும்.

கடைசியில் புகார்தான் வழி என்றால், நெட் வரவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். எல்ஓஎஸ் எந்த நிறம், பான் நிற்கிறதா மினுக்குகிறதா, கேபிளில் இணைத்துப் பார்த்தீர்களா, 8.8.8.8 பதில் தந்ததா, எத்தனை மணியிலிருந்து இப்படி என்று வரிசையாகச் சொல்லுங்கள். ரீசெட் செய்யுங்கள் என்று மறுமுனையில் சொன்னால், முதலில் என் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் சொல்லுங்கள், எழுதிக்கொண்டு செய்கிறேன் என்று கேளுங்கள்.