துருவப் பயண அட்டைகளை மழைக்காலத்தில் காப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தவை, ஜான் பிளேயர் நிறுவனம் சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துத் தந்த, துருவப் பயணக் காட்சிகளை அச்சிட்ட சிறு பட அட்டைகள். 1915இல் ஒரு வரிசை, 1916இல் இன்னொன்று. வரிசைக்கு 25 அட்டைகள். தென் துருவம் போய்த் திரும்பும் வழியில் பிரிட்டிஷ் பயணி ராபர்ட் ஸ்காட் 1912இல் பனியில் மாண்ட துயரம் ஆறாத காலத்து அச்சு என்பதால் இவற்றின்மேல் எனக்குத் தனிப் பாசம்.

அசலா என்று பார்க்க, கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் போதும். வண்ணப் புள்ளிகள் கோலப்புள்ளி போல் ஒழுங்காக நின்றால் பிற்கால மறுபதிப்பு என்று சந்தேகப்படுங்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும்தான் ஆபத்தான மாதங்கள். ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சி காகிதத்தை அரிக்கும். மழைக்கு முன்பே, கைகளைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு அட்டையையும் பாலியஸ்டர் உறையில் இடுங்கள். பிவிசி உறை வேண்டவே வேண்டாம், நாளடைவில் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். லாமினேஷன் செய்வது அட்டையைக் கொல்வதற்குச் சமம். சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக மூடும் டப்பாவில் போட்டு, மழைச்சாரல் படும் சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள்.

பூஞ்சை தெரிந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள், வண்ணம் வெளுத்துவிடும். நிழலில் உலர்த்தி, முகக்கவசம் அணிந்து, முற்றத்தில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள்.