பேரணிக்கு முன்னால் பட்டியல்: வாக்காளர் விழிப்புணர்வுப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே பேனர் அடித்து, கல்லூரி மாணவர்களை வரிசையாக நிறுத்தி, பேரணி நடத்தும் குழுக்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. நோக்கம் நல்லது. காலம்தான் தவறு. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் மூடப்படுகிறது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம் தர வேண்டியிருப்பதால், அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே படிவம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பேரணி முடிந்து கூட்டம் கலைவதற்குள் அந்த நாள் கடந்துபோய்விடுகிறது.

2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவானது. மத்திய சென்னையில் ஏறத்தாழ 54. நகரத்து மக்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லி இதைக் கடந்துபோவது எளிது. வீடு மாறியும் பழைய முகவரியிலேயே இருக்கும் பெயர்கள், இரண்டு இடத்தில் இருக்கும் பெயர்கள், இறந்தும் நீக்கப்படாத பெயர்கள் ஆகியவையும் அந்த எண்ணைக் கீழே இழுக்கின்றன. தன்னார்வலர்கள் உண்மையில் மாற்றக்கூடியது இந்தப் பகுதியைத்தான். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி பட்டியலைப் பற்றியே பேசுகிறது.

பட்டியல் வேலையில் நடக்கும் பிழைகள்

முதல் பிழை, கையில் அடையாள அட்டை இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவது. அட்டை இருந்தும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஓட்டுப் போட முடியாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலிலிருந்து 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டிருந்தன. வீட்டுக்கு வீடு போகும்போது "அட்டை இருக்கா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அட்டையில் உள்ள எண்ணைத் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் அங்கேயே போட்டுப் பார்த்து, தொகுதி, பாகம் எண், வரிசை எண் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது படிவக் குழப்பம். முதல்முறை சேர்பவர்களுக்கும், எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர்களுக்கும் மட்டுமே படிவம் 6. வீடு மாறியவர்களுக்குப் படிவம் 8. அதே தொகுதிக்குள் மாறினாலும் சரி, வேறு தொகுதிக்குப் போனாலும் சரி, அதுதான். பெயர், வயது, படம் திருத்துவதற்கும், தொலைந்த அட்டைக்கு மாற்று கேட்பதற்கும், மாற்றுத்திறனாளி என்று குறிப்பதற்கும் அதே படிவம் 8. முன்பு தொகுதி மாறினால் படிவம் 6 கொடுப்பது வழக்கம். 2022-இல் விதி மாறியது. அந்தப் பழக்கத்தில் இன்றும் பல முகாம்களில் கட்டுக்கட்டாகப் படிவம் 6 வைத்திருக்கிறார்கள். வீடு மாறியவர் அதை நிரப்பினால், பழைய இடத்தில் பெயர் நீங்காமல் புதிய இடத்தில் இன்னொரு பெயர் ஏறும். இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது என்பது சட்டம். வேறெங்கும் பெயர் இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அந்த வாக்காளர். பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. உங்கள் அவசரத்துக்கு அவர் பொறுப்பாளி ஆகிவிடக் கூடாது.

"சொந்த ஊரில் வீடு இருக்கிறதே, அங்கேயும் பெயர் இருக்கட்டும்" என்று கேட்பவர்கள் நிறைய. வீடு சொந்தமாக இருப்பது மட்டுமே அங்கே வசிப்பவர் என்று கொள்ளப் போதாது என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் விடுதி முகவரியிலோ பெற்றோர் முகவரியிலோ சேரலாம். ஏதாவது ஒன்றில் மட்டும். தெருவோரம் தூங்குபவருக்கு முகவரிச் சான்றே தேவையில்லை. அவர் சொன்ன இடத்தில் இரவில் தங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்து பார்த்தால் போதும். இது தெரியாமல் முகாம்களில் அவர்களைத் திருப்பி அனுப்புவது மிகப் பெரிய அநியாயம்.

வயதிலும் ஒரு பழைய கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள் அல்ல. ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் உண்டு. 17 வயது முடிந்தவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், 18 முடிந்ததையொட்டி வரும் தகுதி நாளில் பெயர் சேரும். பிளஸ் டூ மாணவர்களிடம் பொதுத்தேர்வுக்கு முன்பே போவது இதனால்தான் பயன் தருகிறது.

இனி படிவத்தை நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை. இணையத்தில் ஆங்கிலத்தில் பெயரைத் தட்டினால் தமிழ்ப் பெயர் தானாக வந்து நிற்கும். ழ, ள, ல மூன்றும் அங்கே தாறுமாறாகிவிடும். கனிமொழி கனிமோலி ஆவதும், வள்ளி வல்லி ஆவதும் இந்த இடத்தில்தான். சமர்ப்பிக்கும் முன் அந்தத் தமிழ்க் கட்டத்தை வாக்காளரையே வாசிக்கச் சொல்லுங்கள். இனிஷியலை ஆதாரில் ஒரு மாதிரியும் பட்டியலில் வேறு மாதிரியும் எழுதினால் பின்னால் அலைச்சல். படம் வெள்ளைப் பின்னணியில், 4.5 செ.மீ.க்கு 3.5 செ.மீ. அளவில், முகம் நேராகத் தெரியும்படி இருக்க வேண்டும். அதன்மேல் கையெழுத்து கூடாது.

கைப்பேசி எண் இல்லாதவர்களுக்குத் தன்னார்வலர் தன் எண்ணையே போடுவது உதவி போலத் தோன்றும். பின்னால் மின்னணு அட்டையைப் பதிவிறக்க வேண்டுமானால் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். வீட்டில் மகன், மகள் யாருடைய எண்ணையாவது போடுங்கள். ஆதார் நகல்களை வாட்ஸ்அப் குழுவில் வாங்கிச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஆதார் எண்ணைத் தருவதற்கான படிவம் 6பி விருப்பத்தின் பேரிலானது. கட்டாயம் என்று சொல்வது தவறான தகவல். அமைப்பின் பெயரில் மொத்தமாகப் படிவங்களைக் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள், மொத்த விண்ணப்பங்களை அலுவலகம் ஏற்பதில்லை. ஒரு குடும்பத்தின் படிவங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

ஒப்புகை எண் வந்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணுவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும் தவறு. அலுவலர் நேரில் வரும்போது வீடு பூட்டியிருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். வேலைக்குப் போகும் குடும்பம் என்றால் அலுவலரின் எண்ணை வாங்கி, எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள் என்று முன்பே சொல்லிவைக்கச் சொல்லுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை ஒப்புகை எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். நிராகரித்தால் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் கிடைக்காவிட்டால் 30 நாட்களுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். இந்தக் கெடு தெரியாமல் அடுத்த தேர்தல் வரை சும்மா இருந்துவிடுபவர்களே அதிகம்.

வேட்பாளரைப் பற்றிச் சொல்லும்போது

ஓட்டுப் போடச் சொல்வது பாதி வேலை. யாருக்குப் போடுவது என்று வாக்காளர் தாமே முடிவெடுக்கத் தகவல் தருவது மறுபாதி. அதற்கான மூலம் படிவம் 26, அதாவது ஒவ்வொரு வேட்பாளரும் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

அதன் கடைசியில் பி பகுதி என்று ஒரு சுருக்கம் இருக்கும். பலர் அதை மட்டும் படித்து அட்டவணை போட்டுவிடுகிறார்கள். வழக்கின் முதல் தகவல் அறிக்கை எண், நீதிமன்றம், சட்டப் பிரிவுகள், குற்றச்சாட்டு பதியப்பட்டதா என்ற விவரம் எல்லாம் ஏ பகுதியில் இருக்கின்றன. "இவர் மீது 12 வழக்கு, அவர் மீது ஒன்று" என்று எண்ணிக்கை மட்டும் போட்டால் மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். அந்தப் பன்னிரண்டும் தண்ணீருக்காகச் சாலை மறியல் செய்ததாக இருக்கலாம், அந்த ஒன்று கொலை முயற்சியாக இருக்கலாம். பிரிவு எண்ணிலும் இப்போது கூடுதல் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 302 என்றால் கொலை. புதியதில் கொலைக்கான தண்டனை 103-இல் இருக்கிறது, 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைக் குறிக்கிறது. எந்தச் சட்டத்தின் பிரிவு என்று பார்க்காமல் எழுதினால் ஒரு மனிதரைக் கொலைக் குற்றவாளி ஆக்கிவிடுவீர்கள். நிலுவையில் உள்ள வழக்கையும் தண்டனை பெற்ற வழக்கையும் வெவ்வேறு கட்டத்தில் போடுங்கள்.

சொத்திலும் இதே கவனம். ஐந்து வருடத்தில் சொத்து மும்மடங்கு ஆனது என்று எழுதுவதற்கு முன், முந்தைய பத்திரத்தையும் இப்போதைய பத்திரத்தையும் எடுத்து சர்வே எண்களை ஒப்பிடுங்கள். அதே நிலத்தின் சந்தை மதிப்பு ஏறியிருக்கிறதா, புதிதாக வாங்கியிருக்கிறாரா என்பது அப்போதுதான் தெரியும். வாழ்க்கைத் துணையின் சொத்தும், சார்ந்திருப்போரின் சொத்தும் தனித்தனிப் பத்தியில் இருக்கும். ஒரு பத்திரத்தில் கூட்டியும் இன்னொன்றில் கூட்டாமலும் கணக்கிட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும்.

முக்கியமான மூன்று பேரை மட்டும் எடுத்து அட்டவணை போடுவது நடுநிலையை உடைக்கும். அத்தனை வேட்பாளரையும், வாக்குப்பதிவு இயந்திரத்தில் வரும் அதே வரிசையில் போடுங்கள். அச்சடித்த நோட்டீஸில் அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்கட்டும். ஒரு வேட்பாளருக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ கொள்ளத்தக்க அச்சுப்பிரதியில் இவை இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு.

வேட்பாளர்களை ஒரே மேடையில் அமர்த்திக் கேள்வி கேட்கும் கூட்டங்களில், சட்டமன்ற வேட்பாளரிடம் தெருவிளக்கையும் சாக்கடையையும் மட்டுமே கேட்டு ஒன்றரை மணி நேரத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். அவை உள்ளாட்சியின் பொறுப்பு. தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, மக்களவை உறுப்பினருக்கு 5 கோடி. அந்தப் பணத்துக்கு அவருடைய முன்னுரிமை என்ன, போனவர் அதை எதற்குச் செலவிட்டார், எந்தச் சட்டத்தை ஆதரிப்பார் என்று கேளுங்கள். கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றாகவும், பதிலுக்கான நேரம் சமமாகவும் இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சார்பு

மை வைத்த ஒரு விரலைக் காட்டிப் படம் எடுப்பது சரி. இரண்டு விரலைக் காட்டினால் அது இரட்டை இலை, உள்ளங்கையை விரித்தால் கை. சுவரொட்டியில் அழகுக்காக மலைக்கு நடுவே சூரியன் எழுவதுபோல வரைந்தால் உதயசூரியன். சட்டைக் கரை, தோள்துண்டு, தொப்பியின் நிறம் வரை இங்கே மக்கள் கட்சியாகவே படிப்பார்கள். வெள்ளையோ பழுப்போ போதும். கட்சிப் பொறுப்பில் இருப்பவரை அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வீடு வீடாகப் போகும் குழுவில் சேர்க்காதீர்கள்.

ஓட்டுப் போட்டு வருபவருக்குப் பரிசுக் கூப்பன் தருவதையும் விட்டுவிடுங்கள். வாக்களித்ததற்காக ஒருவருக்குப் பலன் தருவதையும் லஞ்சம் என்றே சட்ட வாசகம் சொல்கிறது. பணப் பட்டுவாடாவுக்கு எதிராகப் பேசும் ஊரில் நாமே பரிசு கொடுத்தால் பேச்சுக்கு மதிப்பிருக்காது. வேலூரில் 2019-இல் பணப் பறிமுதலால் தேர்தலே ரத்தாகி, ஏப்ரலில் நடக்க வேண்டியது ஆகஸ்ட் 5-இல் நடந்தது. பட்டுவாடாவைக் கண்டால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் புகார் வசதியில் இடத்தோடு படமோ காணொளியோ எடுத்து அனுப்பலாம், 1950 என்ற எண்ணை அழைக்கலாம். பணம் கொடுப்பவரை நேரில் மறிக்கப் போகாதீர்கள்.

வாக்குப்பதிவு நாளில்

ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு வாட்ஸ்அப் தகவல் உலா வரும்: பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' போடலாம், ஓரளவுக்கு மேல் 'டெண்டர் ஓட்டு' விழுந்தால் மறுவாக்குப்பதிவு நடக்கும் என்று. முழுக்கப் பொய். பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. உங்கள் பெயரில் வேறொருவர் போட்டுவிட்டுப் போயிருந்தால், தேர்தல் நடத்தை விதிகளில் 49P விதிப்படி ஒரு வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கி வாக்களிக்கலாம். இதுதான் டெண்டர் ஓட்டு. அது இயந்திரத்தில் சேராமல் தனி உறையில் வைக்கப்படும். நோட்டா அதிகம் விழுந்தால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் மறுதேர்தல் வரும் என்பதும் தவறு. அடுத்த இடத்தில் இருக்கும் வேட்பாளரே வெற்றி பெறுவார்.

பூத் சிலிப் அடையாளச் சான்று ஆகாது. ரேஷன் கார்டும் ஆகாது: 2024 தேர்தலில் ஏற்கப்பட்ட மாற்று ஆவணங்களின் பட்டியலில் அது இல்லை. ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, படம் ஒட்டிய வங்கி பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை ஆகியவை இருந்தன. முந்தின நாள் மாலையே இதைச் சொல்லிவிட்டால், காலையில் வரிசையில் நின்று திரும்பும் முதியவர்கள் குறைவார்கள்.

85 வயதைத் தாண்டியவர்களும், 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கப் படிவம் 12டி கொடுக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த வசதி அனுமதிக்கப்பட்டவர் பின்னர் சாவடிக்கு வந்தால் அங்கே வாக்களிக்க முடியாது. இதைக் கையெழுத்து வாங்கும் முன்பே விளக்குங்கள். பார்வையற்றவருக்குத் துணையாகச் செல்பவர் 18 வயது முடிந்தவராக இருக்க வேண்டும். ஒரு நாளில் ஒருவருக்கு மட்டுமே துணை போக முடியும். ஒரே தன்னார்வலர் நான்கு பேரை மாற்றி மாற்றி அழைத்துப் போனால் இரண்டாமவரோடு அவரை உள்ளே விடமாட்டார்கள். சக்கர நாற்காலியும் வாகனமும் வேண்டுமென்றால் தேர்தல் ஆணையத்தின் சக்ஷம் வசதியில் முன்கூட்டியே பதிந்துவையுங்கள். வேட்பாளர் தரப்பின் ஆட்டோவை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் எந்தப் பிரசாரமும் கூடாது என்பதால், உங்கள் உதவி மேசை அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

தேர்தலுக்குப் பிறகு

முடிவு வந்ததும் குழு கலைந்துவிடுகிறது. ஊராட்சிகளில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவரே கிராம சபை உறுப்பினர். பட்டியலைச் சரிசெய்த உழைப்பு இங்கேயும் பலன் தரும்.

கூட்டத்தில் நடக்கும் பெருந்தவறு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தீர்மானங்கள் எழுதப்படுவதற்குள் எழுந்து போய்விடுவது. "குடிநீர் வசதி வேண்டும்" என்ற தீர்மானத்தால் யாரையும் பொறுப்பாக்க முடியாது. எந்தத் தெரு, எத்தனை வீடு, எத்தனை மீட்டர் குழாய், எந்தத் திட்டத்தின் நிதி என்று எழுதிக்கொண்டு போய், அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, பதிவேட்டின் அந்தப் பக்கத்துக்கு நகல் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள், 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அடுத்த கூட்டத்தில் புதிய கோரிக்கைக்குப் போகும் முன், போன முறை நிறைவேற்றிய தீர்மானங்கள் ஒவ்வொன்றின் மீதும் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று ஊராட்சிச் செயலரை வாசிக்கச் சொல்லுங்கள்.