நீட்டுக்கு டைம்டேபிள் போடுறது எப்படி? (ஸ்டேட் போர்டு பசங்களுக்கு)

என் தங்கச்சி ப்ளஸ் டூ படிக்கிறப்போ அவளுக்குப் போட்டுக் குடுத்த டைம்டேபிள் இது. பக்கத்து வீட்டுப் பசங்களும் வாங்கிட்டுப் போனாங்க, அதான் எல்லாருக்கும் சேத்து எழுதிடுறேன். நீட்னா என்ன, எப்படி அப்ளை பண்றதுன்னு போகல, நேரா விஷயத்துக்கு வரேன்.

முதல்ல ஒரு மாத காலண்டர் எடுத்துக்கங்க. பால் கணக்கு எழுத சுவத்துல மாட்டுவாங்களே அதுதான். ஆப் வேண்டாம், போனை எடுத்தா படிப்பு அங்கயே போச்சு. பென்சில்ல எழுதுங்க, கண்டிப்பா மாத்த வேண்டி வரும்.

காலண்டரைப் பின்னாடிருந்து நிரப்பணும். பரீட்சை பெரும்பாலும் மே முதல் ஞாயித்துக்கிழமைதான் வரும். ஏப்ரல்ல புதுப் பாடம் ஒண்ணுகூட எழுதாதீங்க, அந்த மாசம் டெஸ்டும் ரிவிஷனும் மட்டும். மார்ச் பப்ளிக் எக்ஸாமுக்கு. ஜனவரி பிப்ரவரில ஸ்கூல் ரிவிஷன் டெஸ்ட், பிராக்டிகல்னு போயிடும், பொங்கல் லீவு வேற. அப்போ புதுப் பாடம் எல்லாம் டிசம்பருக்குள்ள முடியணும். இதைப் பாத்து பயப்பட வேண்டாம், ஜூன்லயே தெரிஞ்சா சமாளிக்கலாம்.

இப்ப முக்கியமான ஸ்டெப், இங்கதான் எங்களுக்கு ரெண்டு நாள் மண்டை காஞ்சுது. ஸ்கூல் புக்கோட பொருளடக்கத்தைப் பாத்து டைம்டேபிள் போடக்கூடாது. நீட் சிலபஸ் என்.எம்.சி. (தேசிய மருத்துவ ஆணையம்) வெளியிடுறது, 2024-ல நிறைய பாடத்தை எடுத்துட்டாங்க. நம்ம ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியத் திறந்தா முதல் பாடமே உலோகவியல், அது நீட்ல இல்ல. திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல் எதுவும் இல்ல. ப்ளஸ் ஒன் விலங்கியல்ல செரித்தல் பாடமும் அப்படித்தான். பப்ளிக்குக்கு இதெல்லாம் படிச்சே ஆகணும், ஆனா நீட் ரிவிஷன்ல இதுக்கு ஒரு நாள்கூட ஒதுக்காதீங்க.

இன்னொரு சிக்கலும் இருக்கு, பாடங்க இடம் மாறிக் கிடக்கும். கரைசல்கள் நமக்கு ப்ளஸ் ஒன், என்.சி.இ.ஆர்.டி.ல (சி.பி.எஸ்.இ. பசங்க படிக்கிற புக்) ப்ளஸ் டூ. ஹாலோ ஆல்கேன்களும் அதே கதை. அயனிச் சமநிலை நமக்கு ப்ளஸ் டூ, அவங்களுக்கு ப்ளஸ் ஒன். வெளில டெஸ்ட் சீரிஸ் எழுதுறவங்களுக்கு "பதினொன்னாம் வகுப்பு முழு போர்ஷன்"னு வரும்போது நடத்தாத பாடத்துலருந்து கேள்வி வந்து நிக்கும், பிள்ளைங்க நமக்கு ஒண்ணும் தெரியலன்னு ஒடைஞ்சு போயிடுவாங்க. தெரியாம இல்ல, இன்னும் அந்தப் பாடம் வரல, அவ்ளோதான். அதனால ஒரு லாங் சைஸ் நோட்டுல மூணு பத்தி போடுங்க: நீட் சிலபஸ் தலைப்பு, நம்ம புக்ல எங்க, என்.சி.இ.ஆர்.டி.ல எங்க. ரெண்டு புக்குமே பி.டி.எஃப்.ஆ இலவசமா கிடைக்குது. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க போனாலும் பரவால்ல, இதை முடிக்காம அடுத்ததுக்குப் போகாதீங்க.

அப்புறம் மணிக்கணக்கு. மொத்தம் 720 மார்க், அதுல பயாலஜி மட்டும் 360, பிசிக்ஸ் 180, கெமிஸ்ட்ரி 180. பயாலஜிக்கு தினமும் இடம் வேணும், என்.சி.இ.ஆர்.டி.ய வரி விடாம, படத்துக்குக் கீழ இருக்கறது வரைக்கும் படிக்கணும். பிசிக்ஸ் காலைல, மூளை தெளிவா இருக்கறப்போ, வாசிக்கிறதைவிட கணக்கு போடுறதுதான் அதிகமா இருக்கணும். ஒரு பாடம் முடிஞ்ச அன்னைக்கே ரெண்டு ரிவிஷன் தேதிய காலண்டர்ல எழுதிடுங்க, ஒண்ணு அதே வாரம், இன்னொண்ணு ஒரு மாசம் கழிச்சு. "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்ட பாடம் திரும்ப வரவே வராது.

ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டுலருந்து அஞ்சு டெஸ்ட். நிஜப் பரீட்சையும் அந்த நேரம்தான், சாப்பிட்டதும் கண்ணு சொக்குற நேரம், உடம்பு பழகணும். ஓ.எம்.ஆர். ஷீட்ட (விடைக்கு வட்டம் போட்ட தாள்) பிரிண்ட் எடுத்து கறுப்பு பால்பாயிண்ட்ல வட்டத்தை நிரப்பித்தான் எழுதணும். சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 மைனஸ். சாயங்காலம் தப்பையெல்லாம் பிரிச்சுப் பாருங்க, படிக்காததால வந்ததா, கணக்குல சறுக்கினதா, கேள்வியையே அவசரத்துல படிச்சதா. அடுத்த வார டைம்டேபிள் அந்த லிஸ்ட்லருந்துதான் வரணும், போன வாரத்தை அப்படியே காப்பி அடிக்கிறதுல பிரயோஜனம் இல்ல.

பின்சேர்க்கை: தமிழ் மீடியம் தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். தமிழ்ல எழுதலாம், கேள்வித்தாள்ல இங்கிலீஷும் கூடவே இருக்கும், மொழிபெயர்ப்புல சந்தேகம் வந்தா இங்கிலீஷ்ல இருக்கறதைத்தான் எடுத்துப்பாங்க. அதனால கலைச்சொல்லை ரெண்டு மொழிலயும் நோட்டுல எழுதி வச்சுக்கங்க.

இன்னொண்ணு, பழைய கேள்வித்தாள் போட்டுப் பாக்கறப்போ நேரம் இடிக்குதுன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. 2021-லருந்து 2024 வரைக்கும் 200 கேள்வி குடுத்து 180 எழுதச் சொன்னாங்க. 2025-ல அந்தச் சாய்ஸ எடுத்துட்டாங்க, 180 கேள்வி, 180 நிமிஷம். அதனால பழைய தாள்ல ஒவ்வொரு பாடத்துலயும் (தாவரவியல், விலங்கியல் தனித்தனி) முதல் 35 கேள்வியோட, சாய்ஸ் இருந்த பி பிரிவுல முதல் பத்தை மட்டும் எடுத்துக்கங்க, சிலபஸ்ல இல்லாதத அடிச்சிட்டு, மூணு மணி நேரத்துல முடிச்சுப் பாருங்க.