பாடக் கோப்புகளைப் பைசா செலவில்லாமல் பகிர: கொங்குப் பக்கத்து ஆசிரியர்களுக்கு

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குரூப்புகளில் நல்ல சரக்குக்குப் பஞ்சமே இல்லை. பெருந்துறைப் பக்கம் ஒருவர் பின்னத்துக்கு அருமையான பயிற்சித்தாள் போடுவார், உடுமலையில் ஒரு டீச்சர் எழுத்து அட்டைகளைக் கையால் வரைந்து படமெடுத்துப் போடுவார், பத்திருபது பேர் கைகூப்பிவிட்டுப் போவார்கள். மறுநாள் சுற்றறிக்கை, அதற்கடுத்த நாள் பணிநிறைவு வாழ்த்து, நாலு நாளில் அந்தத் தாள் எங்கோ மேலே போய்விடும். திருப்புதல் தேர்வு வந்ததும் "ஏனுங்க சார், போன மாசம் ஒண்ணு போட்டீங்களே, அதை இன்னொருக்கா அனுப்புங்க" என்று கேட்பார்கள், அனுப்பியவர் போனிலேயே அது அழிந்திருக்கும். இத்தனை உழைப்பு இப்படி வீணாவது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். கோப்பை வைக்கிற இடம் வேறு, அதைப் பற்றிச் சொல்கிற இடம் வேறு. வாட்ஸ்அப் சொல்வதற்கு மட்டும்.

வைப்பதற்குச் சுலபமான இடம் கூகுள் டிரைவ். ஜிமெயில் இருந்தாலே 15 ஜிபி இலவசம். ஆனால் மெயிலுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 என்பதால், வீட்டுக் கல்யாணப் படமெல்லாம் ஏறுகிற கணக்கில் வைக்காமல் பாடத்துக்கென்றே தனியாக ஒரு ஜிமெயில் திறந்துவிடுங்கள். வகுப்புக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் பாடத்துக்கு ஒன்று, அவ்வளவு போதும், அதற்குமேல் அடுக்கிக்கொண்டே போனால் யாரும் உள்ளே நுழைந்து தேட மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே பெரிய ஃபோல்டருக்குள் போட்டு, ஷேர் பட்டனை அழுத்தி, லிங்க் வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்று மாற்றுங்கள். பார்க்க மட்டும். எடிட் உரிமையைத் திறந்துவிட்டால் ஒருவர் கைதவறி அழித்தது எல்லோருக்கும் அழிந்துபோகும். இனி புதிதாக எது செய்தாலும் அதற்குள் போட்டால் சரி, லிங்க் மாறாது. தாளில் ஒரு பிழை கண்டுபிடித்துத் திருத்தினால்கூட பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டாம், கம்ப்யூட்டரில் டிரைவைத் திறந்து அந்தக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் பதிப்புகளை நிர்வகிக்க ஒரு வழி இருக்கும், அங்கே திருத்தியதை ஏற்றினால் ஏற்கெனவே லிங்க் வைத்திருப்பவர்களுக்கும் புதியதே திறக்கும்.

பெயர் முக்கியம். ஸ்கேன் செய்ததும் வரும் நீளமான எண்களை அப்படியே விட்டுவிடாமல் "7 கணக்கு சதவீதம் மஞ்சள் மண்டி" என்று வையுங்கள். தேடினால் கிடைக்கும்.

அந்த மஞ்சள் மண்டித் தாளையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பகிர்வதில் பெரும்பாலோர் கோட்டை விடுகிற இடம் இங்கேதான் இருக்கிறது. கணக்கு இதுதான்: ஒருவர் ஈரோடு மண்டிக்கு 12 குவிண்டால் மஞ்சள் கொண்டுவருகிறார், அதில் 9 குவிண்டால் விரலி, மீதி கிழங்கு, கிழங்கு மொத்தத்தில் எத்தனை சதவீதம்? மஞ்சள் போடுகிற வீட்டுப் பிள்ளைக்கு இது தினமும் காதில் விழும் பேச்சு, 25 என்று மனக்கணக்காகவே சொல்லிவிடும். இதே தாள் பொள்ளாச்சிக்குப் போனால் அங்கே கொப்பரையாக மாற வேண்டும், பவானியில் ஜமக்காளமாக, திருப்பூரில் பனியன் பீஸாக. பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் அந்த ஊர் ஆசிரியர் என்ன செய்வார்? மஞ்சளையே நடத்துவார், அல்லது முழுத்தாளையும் திரும்ப டைப் அடிப்பார். அதனால் இரண்டும் கொடுங்கள், பிரிண்ட் எடுக்கப் பிடிஎஃப், மாற்றிக்கொள்ள கூகுள் டாக்ஸ். டாக்ஸ் லிங்கின் கடைசியில் ஆங்கிலத்தில் எடிட் என்று வரும், அந்தச் சொல்லில் தொடங்கி மிச்சத்தையெல்லாம் அழித்துவிட்டு அங்கே காப்பி (copy) என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்புங்கள். திறப்பவருக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளவா என்று கேட்கும், அவர் தன் நகலில் என்ன மாற்றினாலும் உங்கள் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஃபாண்ட் விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் பலர் பாமினியிலும் வானவில்லிலும் அடிக்கிறார்கள். அடித்தவர் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும், அந்த ஃபாண்ட் இல்லாத போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் கொட்டிக்கிடக்கும். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே மாதமே எந்தக் கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒரேமாதிரி தெரிகிற எழுத்துமுறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணை போட்டுவிட்டது, இத்தனை வருடம் கழித்தும் பழைய ஃபாண்டில் செய்து அனுப்புவது அடுத்தவருக்குச் செய்கிற உபகாரம் இல்லை. இருக்கும் பழைய தாள்களை என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவச மென்பொருளில் போட்டு மாற்றலாம். கையெழுத்துத் தாளோ பழைய அச்சோ இருந்தால் போனில் டிரைவ் ஆப்பிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது, நேராகப் பிடிஎஃப் ஆகிவிடும். அச்சடித்த தமிழாக இருந்தால் அந்த ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் கூகுள் டாக்ஸாகத் திறந்தால் எழுத்தாகவே மாற்றித் தரும். பிழை இருக்கும், ஒருமுறை படித்துத் திருத்துங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடுவதில் பொடி எழுத்தெல்லாம் கலங்கிப்போகும்.

வீடியோவுக்கு யூடியூப் போதும். போன் எண்ணைச் சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது, ஆனால் பாட வீடியோவுக்கு அவ்வளவு நீளம் தேவையும் இல்லை. ஒலிப்பதிவை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். செய்யுளை ராகத்தோடு பாடியோ ஆங்கிலப் பாடத்தை வாசித்தோ பதிவு செய்தால், பேச்சுக்குப் போதுமான 32 கேபிபிஎஸ் தரத்தில் 10 நிமிடம் இரண்டரை எம்பிகூட வராது, நெட் பேக் தீரும் கட்டத்தில் இருக்கிற பெற்றோரின் போனிலும் அது இறங்கும்.

தனியார் நோட்ஸ் பக்கங்களை ஸ்கேன் செய்து ஏற்றாதீர்கள். அது அவர்கள் சொத்து. பாடநூல் பக்கங்களும் வேண்டாம், அரசே பாடநூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, பக்க எண்ணைக் குறிப்பிட்டால் போதும். படம் தேவையென்றால் விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள், ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த நிபந்தனையில் எடுக்கலாம் என்று எழுதியிருக்கும். நீங்கள் செய்த தாளின் அடியிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள்: "கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமம். நகலெடுக்கலாம், மாற்றலாம், செய்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும்." இந்த வரி இல்லாததாலேயே, மாற்றலாமா கூடாதா என்று தயங்கி நல்ல ஆசிரியர்கள் பலர் தொடாமல் விட்டுவிடுகிறார்கள்.

பிள்ளைகளின் முகம், பெயர், எமிஸ் எண் (பள்ளிக்கல்வித் துறைப் பதிவில் உள்ள மாணவர் எண்), மதிப்பெண் எதுவும் பொது லிங்கில் போகக்கூடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் நாம் கேட்க வேண்டியதுதான். நோட்டுப் பக்கத்தைப் படமெடுக்கும்போது மேலே பெயர் எழுதிய இடத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்து எடுத்தால் வேலை முடிந்தது.

டிரைவை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம், பாடத்துக்கென்று தனியாகத் திறந்த ஜிமெயிலுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அவ்வப்போது உள்ளே போய் வாருங்கள். முடித்துவிட்ட, இனி அடிக்கடி மாறாத தாள்களை இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஒரு பிரதி ஏற்றிவையுங்கள், 1996லிருந்து லாப நோக்கில்லாமல் நடக்கிற நூலகம் அது, கணக்கு திறக்க ஒரு மெயில் முகவரி போதும்.

இத்தனையும் சிக்னல் இருக்கிற ஊருக்கு. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி தாளவாடிப் பக்கமோ, அந்தியூரிலிருந்து மேலே பர்கூர் மலையிலோ வேலை பார்க்கிறவர்களுக்கு லிங்க் மட்டும் அனுப்பினால் பல நேரம் பயன் இல்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்துக்கு அவர்கள் கீழே இறங்கி வரும் நாளில் முழு ஃபோல்டரையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், அல்லது ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும் குவிக் ஷேரில் அனுப்புங்கள், பக்கத்தில் உட்கார்ந்து அனுப்ப நெட்டே வேண்டாம். கிவிக்ஸ் என்ற இலவச ஆப்பையும் காட்டிக்கொடுங்கள், தமிழ் விக்கிபீடியாவை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் வகுப்பில் நெட் இல்லாமலே திறக்கும்.

மையத்துச் சுவரில் ஒட்ட க்யூஆர் கோடு வேண்டுமென்றால் குரோம் பிரவுசரின் ஷேர் மெனுவிலேயே எடுக்கலாம். இலவசம் என்று சொல்லும் சில தளங்களில் எடுத்தால் கொஞ்ச நாளில் காலாவதியாகிப் பணம் கேட்கும்.

குரூப்பில் போடுவதற்கு முன், உங்கள் மெயில் கணக்கு இல்லாத வேறொரு போனில் லிங்கைத் திறந்து பாருங்கள். அனுமதி வேண்டும் என்று வந்தால் ஷேர் அமைப்பு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. திறந்தால், சாதாரணச் செய்தியாகப் போட்டுவிட்டுப் போகாமல் அட்மினிடம் சொல்லி குரூப் விவரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். குரூப்பின் மேலே நிற்கும்படி பின் (pin) செய்த செய்தி அதிகபட்சம் 30 நாள்தான் அங்கே நிற்கும், விவரத்தில் போட்டது யாராவது மாற்றும்வரை அங்கேயே இருக்கும்.