முதல் வெள்ளியில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் முறை

பனங்காட்டுப் பங்குகளிலேயே, அதாவது கத்தோலிக்கக் கோவில் வட்டாரங்களிலேயே, முடி நரைத்த குரு நான். மாதத்தின் முதல் வெள்ளியில் நோயாளிகளின் வீட்டுக்கு நற்கருணை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பம், கொண்டுபோவதைப் பற்றி, புதிதாகப் பங்கு ஏற்கும் குருத் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

முந்தின நாளே, பங்கில் குருவுக்கு உதவும் உபதேசியாரிடம் வீடுகளின் பட்டியல் வாங்கிவிடுங்கள். பதநீர்க் காலத்தில் காலையில் போக வேண்டாம், அது பெண்கள் கருப்பட்டி காய்ச்சும் நேரம். வீட்டில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தால் போதும்.

உள்ளே போனதும் நோயாளி குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்காக மற்ற எல்லாரையும் வெளியே அனுப்புங்கள். மருமகள் காதில் விழும் என்று பயந்தே பல பாட்டிகள் வாய் திறப்பதில்லை. அவசரப்படுத்தாதீர்கள். காது மந்தமானவரிடம் கத்தாமல் பக்கத்தில் குனிந்து பேசுங்கள்.

விழுங்கச் சிரமப்படுபவருக்கு அப்பத்தில் சிறு துணுக்கு மட்டும் கொடுத்து, ஒரு கரண்டி தண்ணீர் தாருங்கள். கஞ்சி குடித்துவிட்டேனே என்று தயங்குவார்கள். நற்கருணை வாங்குமுன் இருக்கும் ஒரு மணி நேர நோன்பு முதியவரையும் நோயாளியையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவரையும் கட்டுப்படுத்தாது, அதனால் மருமகளும் வாங்கலாம்.

அப்புறம் நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்கு மந்திரித்த எண்ணெய் பூசி செபிக்கும் சடங்கு. எண்ணெய்ச் சிமிழைப் பார்த்ததும் சாவு வந்துவிட்டதென்று வீடே அழும். 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் சடங்கைத் திருத்தியதிலிருந்து நெற்றியிலும் கைகளிலும் பூசுகிறோம். கடும் நோயின் தொடக்கத்திலேயே தரலாம், குணமாகி மறுபடி கடுமையாக விழுந்தால் திரும்பவும் தரலாம். இதை ஞாயிறு பிரசங்கத்திலேயே சொல்லி வையுங்கள்.

கிளம்பும் முன் மருந்துச் சீட்டையும் பாருங்கள். மாத்திரை தீர்ந்திருந்தால் அன்றைக்கே வாங்கித் தர ஆள் அனுப்புங்கள்.