நிகர எடை மைனஸில் வந்த கதை

கிருஷ்ணகிரியில் மச்சானின் மாங்காய் மண்டிக்காக சி பிளஸ் பிளஸ்ஸில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். எடை மேடை ஃபைலில் லாரிக்கு இரண்டு வரி: முதலில் லோடு எடை, அடுத்து காலி வண்டி எடை. கழித்தால் நிகர எடை.

என் மேக்கில் சரியாக ஓடியது. மண்டியின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் மைனஸ் 5,360 கிலோ! "என்னடா, லாரிக்காரனுக்கு நாமதான் மாங்கா கொடுக்கணுமா?" என்றார் மச்சான்.

ஃபைலைத்தான் அரை நாள் சந்தேகப்பட்டேன். புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரின் எச்சரிக்கைகளைத் திறந்துவிட்டும் ஒன்றும் வரவில்லை. அப்புறம், படிக்கும் ஃபங்ஷனுக்குள் ஒரு பிரிண்ட் போட்டதும் புரிந்தது. கழிக்கும் ஃபங்ஷனுக்கு இரண்டு ஆர்குமென்ட், அதாவது அதற்குள் அனுப்பும் மதிப்புகள். இரண்டிலும் 'அடுத்த எண்ணைப் படி' என்ற அழைப்பையே வைத்திருந்தேன். என் மேக்கில் இருந்த கிளாங் என்ற கம்பைலர் இடமிருந்து வலமாகப் படித்தது. மண்டியில் இருந்த ஜிசிசி என்ற கம்பைலர் வலமிருந்து இடமாக. அதனால் லோடு எடை காலி எடையின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டும் தப்பில்லை. எதை முதலில் கணக்கிடுவது என்பதை மொழியின் தரநிலை கம்பைலரிடமே விட்டிருக்கிறது. 2017 பதிப்பிலும் ஆர்குமென்ட்களுக்கு வரிசை கிடையாது. நடுவே கமா இருக்கிறதே, வரிசையாகத்தான் போகும் என்று நம்பியது என் தப்பு. ஆர்குமென்ட்களுக்கு நடுவே வருவது வெறும் பிரிப்புக் குறிதான்.

லோடை ஒரு வரியில், காலி எடையை அடுத்த வரியில் தனித்தனி மாறிகளில் படித்துவிட்டு, பிறகு கழித்தேன். அவ்வளவுதான். அன்றைய ரசீதுகளை மட்டும் மச்சான் கையால் திருத்தினார், முணுமுணுத்துக்கொண்டே.