ஹைட்ரஜன் தயாரிக்க எந்தச் சவ்வு? ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

நீரை மின்சாரத்தால் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் கலத்தில், இரு மின்வாய்களுக்கும் நடுவே இருப்பது சவ்வு. அயனிகளைக் கடத்துவதும் வாயுக்களைப் பிரித்துவைப்பதும் அதன் வேலை. விவரத்தாளில் கடத்துதிறனை மட்டும் பார்த்துச் சவ்வைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அதைவிடத் தொல்லை தருவது கசிவு, அதாவது ஹைட்ரஜன் சவ்வைக் கடந்து ஆக்சிஜன் பக்கம் போவது.

படி 1: இனம் பிரியுங்கள்

புரோட்டான் கடத்தும் சவ்வு அமிலத்தன்மை உள்ளது. அதன் நேர்மின்வாய்க்கு வினையூக்கியாக இரிடியம் வேண்டும். ஹைட்ராக்சைடு கடத்தும் சவ்வுக்கு நிக்கலே போதும், ஆனால் சூடான காரத்தில் அது மெல்லச் சிதையும். இவை இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தினால் வினையூக்கியும் சேர்ந்து மாறிவிடும். முதல் முயற்சிக்கு ஒரே இனத்தில், அதாவது புரோட்டான் கடத்தும் சவ்வில், நாஃபியான் என்ற வணிகப் பெயரில் வரும் நாஃபியான் 117, நாஃபியான் 212 இரண்டையும் எடுக்கலாம். கடைசி இலக்கம் தடிப்பு, ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில். எனவே 117 ஏறத்தாழ 183 மைக்ரான், 212 ஏறத்தாழ 51 மைக்ரான்.

படி 2: ஊறவையுங்கள்

உலர்ந்த சவ்வில் புரோட்டான் நகராது. 3% ஹைட்ரஜன் பெராக்சைடு, தூய நீர், 0.5 மோலார் கந்தக அமிலம், மறுபடி தூய நீர்: இந்த வரிசையில் 80 டிகிரியில் ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். குழாய் நீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியம் புரோட்டானின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

படி 3: மின்தடையைக் கணக்கிடுங்கள்

தடிப்பைக் கடத்துதிறனால் வகுத்தால் போதும். நனைந்த சவ்வுக்குச் சென்டிமீட்டருக்கு 0.1 சீமன்ஸ் என்று வைத்துக்கொண்டால், 117-க்குச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் 0.18 ஓம் வரும், 212-க்கு 0.05. சதுர சென்டிமீட்டருக்கு 2 ஆம்பியர் ஓட்டினால் 117-இல் கிட்டத்தட்ட 0.37 வோல்ட் வீணாகும், 212-இல் 0.1 வோல்ட்தான். அப்புறம் கலத்தை மாட்டி, உயர் அதிர்வெண் மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்குக் கலம் காட்டும் தடையை) அளந்து சரிபாருங்கள். அளவு கூடுதலாகத்தான் வரும். மின்வாய், தொடுபரப்பு இவற்றின் தடையும் அதில் சேர்ந்திருக்கும்.

படி 4: கசிவைக் குறைந்த மின்னோட்டத்தில் அளவிடுங்கள்

மெல்லிய சவ்வு மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஹைட்ரஜன் கசியும் வேகம் மின்னோட்டத்தைக் குறைத்தாலும் அவ்வளவாகக் குறையாது. ஆக்சிஜன் உற்பத்தியோ அதே விகிதத்தில் சரியும். அதனால் ஆக்சிஜன் பக்கத்தில் ஹைட்ரஜனின் சதவீதம் ஏறும். 4% தொட்டால் கலவை தீப்பற்றக்கூடியதாகிவிடும். 2% வரும்போதே நிறுத்துங்கள், காற்றோட்டம் இல்லாத அறையில் தொடங்கவே வேண்டாம்.

படி 5: மற்றதை மாற்றாதீர்கள்

வெப்பநிலை, அழுத்தம், மின்வாய், திருகின் இறுக்கம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் மூன்று துண்டுகளாவது சோதியுங்கள்.

சரி, எதை எடுப்பது? நாள் முழுக்க ஒரே உயர் மின்னோட்டத்தில் ஓடும் கலத்துக்கு 212. மேகம் வந்தால் மின்சாரம் குறையும் சூரியத் தகட்டோடு இணைப்பதானால் நான் 117-ஐத்தான் எடுப்பேன்.